மாணவிக்கு விரல் கொஞ்சம் தடிப்பு

ஜூன் 9

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அம்மா, கண் எரிச்சல் குறைந்ததா? தையல்கடைக்காரர் கைத்தையலுக்கு வாரம் இரண்டு மூட்டைதான் அனுப்புகிறாரா, இல்லை நான் இல்லாத தைரியத்தில் மூன்றாக்கிவிட்டாரா? அப்பா, பார்சல் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் கை கோணி ஊசியைத் தேடுகிறது என்றீர்களே, இப்போது பழகிவிட்டதா?

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. விடுதி அறையில் இரண்டு கட்டில், ஒரு அலமாரி, முழுதாகச் சாத்த வராத ஒரு ஜன்னல். இந்த மலை ஊர்க் குளிர் அந்த இடுக்கு வழியாகத்தான் குடிவந்திருக்கிறது. கூட இருப்பவர் ஒரு நர்ஸ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுகிறேன். வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னுவார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வேடிக்கை பாக்கிறதுக்கு டிக்கெட் போட்டுடுவேன்" என்று இரண்டு ஊசியையும் ஒரு நூல்கண்டையும் என் மடியில் போட்டுவிட்டார். ஊசியில் முப்பது கண்ணி ஏற்றி, ஒரு மஃப்ளர் தொடங்கியிருக்கிறேன்.

அலுவலகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. வந்த புகார்களைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அது சுலபம். ஆனால் திங்கட்கிழமைதோறும் எல்லா இஞ்சினியர்களும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், அந்த வாரப் புகார்களை நான் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். போன திங்கள் முதல் முறை. எழுந்தேன், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தலைமை இஞ்சினியர், "முதல்ல இந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

ஆறு மாதப் பயிற்சி. இந்த வாசிப்பையும் பார்த்துத்தான் வேலையை உறுதி செய்வார்களாம். அதற்குள் மூன்று நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும், அப்பா. வீட்டில் என்னால் ஏதாவது ஆக வேண்டியிருந்தால் ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன்.

உங்கள் அன்பு மகள்


ஜூன் 26

செல்ல மகளுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது.

உன் கடிதம் சேதாரம் இன்றி வந்து சேர்ந்தது. இங்கு இருவரும் நலம். அம்மாவின் கண் எரிச்சல் சுத்தமாக இல்லை. கண்ணுக்கு நல்ல ஓய்வு. மூட்டை எப்போதும் போல இரண்டு. மற்றபடி வீட்டில் அததற்கு வைத்த இடத்தில் அதது இருக்கிறது. நீ ரயில் ஏற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒரு சிறு உதவி வேண்டும். எதிர்வீட்டு டீச்சரம்மா கைத்தையல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். உன் அம்மா சொல்லிக்கொடுக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். "கை போற பக்கம் ஊசி போவப் போவுது, இதுல என்ன பாடம் வேண்டிக்கிடக்கு" என்கிறாள். அதற்கு மேல் கேட்டால் துணியைப் பிடுங்கிக்கொள்கிறாள். நீதான் சின்ன வயசிலிருந்து அம்மாவின் மூட்டையில் பாதி தைத்தவள், படித்தவளும் கூட. துணி ஓரத்தை மடித்து ஹெம்மிங் போடுவது எப்படி என்று ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதி அனுப்பு. சின்ன ஊசியைக் கையால் தொட்டே அறியாதவர் என்று நினைத்து எழுது.

அம்மா பக்கத்திலிருந்து சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "திங்கக்கிழமை வாயைத் திறக்கச் சொல்லுங்க. இவ வாயைத் திறந்தாத்தானே நாலு பேர் குழாயில தண்ணி வரும்."

அன்பு அப்பா


ஜூலை 4

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் பற்றி வந்த வரிகளை இரண்டு தடவை படித்தேன்.

டீச்சரம்மாவுக்கா தையல் ஆசை! அறுந்த பட்டனுக்கு எல்லாம் ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவர். நல்லது. நான் ஒருவருக்குப் பாடம் சொல்வது இதுதான் முதல் தடவை. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் தைரியமாகவே சொல்கிறேன்.

1. நூல் முழங்கை வரைக்கும் போதும். அதற்கு மேல் எடுத்தால் சிக்கிக்கொள்ளும்.

2. துணி ஓரத்தை விரல் நுனி அகலத்துக்கு ஒரு மடிப்பு, அதன் மேல் இன்னொரு மடிப்பு. நகத்தால் அழுத்திக் கீறிவிடவும்.

3. நூலின் முடிச்சு மடிப்புக்குள் ஒளிந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் அம்மா பார்த்துவிடுவாள்.

4. கீழ்த்துணியில் ஒரே ஒரு இழையை ஊசி முனையால் கோத்து, மடிப்பின் விளிம்பில் சாய்வாக ஏற்றவும். ஒரு இழைதான். இரண்டு எடுத்தால் மறுபக்கம் புள்ளி தெரியும்.

5. இழுக்கவே கூடாது. நூல் துணியின் மேல் படுத்தால் போதும். இறுக்கினால் ஓரம் சுருங்கி, பேண்ட் கால் பலூன் மாதிரி ஆகிவிடும்.

என் கதையைக் கேளுங்கள். முப்பது கண்ணியில் தொடங்கிய மஃப்ளர் ஒரு சாண் வளர்வதற்குள் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. ஓரத்தில் நூலை எங்கேயோ தவறாகச் சுற்றியிருக்கிறேன். நர்ஸ் அக்கா தூக்கிப் பார்த்து, "இது மஃப்ளரா, விசிறியா?" என்றார். எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமைகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தலைமை எழுத்தர் பதிவேட்டை வாங்கி அவரே வாசித்துவிடுகிறார்.

அன்பு மகள்


ஜூலை 18

செல்ல மகளுக்கு,

நலம். நலமா? குளிருக்குக் காதை மூடிக்கொள்.

பாடம் கிடைத்தது. சுவரில் ஒட்டியாயிற்று. மாணவியின் நிலவரம் பின்வருமாறு. மாணவிக்கு விரல் கொஞ்சம் தடிப்பு. ஊசி கைக்குள் போனால் காணாமல் போகிறது. இதுவரை உடைந்த ஊசி நான்கு, தொலைந்தது ஒன்று. தொலைந்ததைக் காலால் கண்டுபிடித்தாயிற்று. ஒரு இழை கோப்பது என்பது அரிசியில் பெயர் எழுதும் வேலையாக இருக்கிறது. மாணவி ஆறேழு இழைகளை ஒரே குத்தில் அள்ளிவிடுகிறார். இழுக்காதே என்று நீ எழுதியது மூளைக்குப் போகிறது, கைக்குப் போய்ச் சேரவில்லை.

சந்தேகங்கள்: ஊசியின் பின்பக்கம் விரலில் ஏறாமல் இருக்க என்ன செய்வது? நூல் ஏன் நடுவழியில் முறுக்கிக்கொள்கிறது? சட்டைப் பட்டன் தைப்பது எப்படி? பட்டன் அவசரம்.

அம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். "அவகிட்ட எழுதுங்க, நான் இருபது வருஷமா பண்றதை இப்பத்தான் ஒருத்தருக்கு வேலைன்னு தோணுதாம்" என்கிறாள்.

உன் மேல் நம்பிக்கையுள்ள
அப்பா


ஜூலை 28

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலமே. அம்மா சிரித்தாள் என்று படித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் டீச்சரம்மாவின் விரல் வெண்டைக்காய் மாதிரி இருக்குமே, எப்போது தடித்தது?

சந்தேகங்களுக்குப் பதில். நடுவிரலில் அம்மாவின் உலோகத் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியை விட்டுவிட்டுத் துணியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தால் போதும், ஊசி தானே சுற்றிப் பிரித்துக்கொள்ளும். பட்டனுக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேல் தைக்க வேண்டும். முடிந்ததும் குச்சியை உருவிவிட்டு, அடியில் கிடைத்த இடைவெளியில் நூலை மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டன் துணியோடு ஒட்டிக்கொள்ளும், காஜா ஓட்டைக்குள் நுழையாது.

அடுத்த கடிதத்தில் மாணவியின் ஹெம்மிங் ஒரு சாண் அனுப்புங்கள். பார்த்தால்தான் எங்கே தவறு என்று சொல்ல முடியும்.

இங்கே மஃப்ளர் மறுபடி ஒரு முழம் வந்திருக்கிறது. முப்பது கண்ணி முப்பதாகவே இருக்கிறது. ஆனால் நடுநடுவே சில வரிசைகள் மட்டும் கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. நர்ஸ் அக்கா அதைத் தடவிப் பார்த்து, "இது திங்கக்கிழமை, இது அதுக்கு முந்தின திங்கக்கிழமை" என்று சரியாகச் சொல்கிறார். போன வாரம் பதிவேட்டை நானே வாசித்தேன். பதினெட்டுப் புகாரில் ஏழு. மீதியை விட்டுவிட்டு, "அவ்வளவுதான் சார்" என்று உட்கார்ந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

என்னைக் கூப்பிட ஏதாவது காரணம் கிடைக்காதா என்று இருக்கிறது.

அன்பு மகள்


ஆகஸ்ட் 20

செல்ல மகளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். வேலை அதிகம். இருவரும் நலம்தான். கேட்ட துணியை இத்துடன் வைத்திருக்கிறேன். கசக்காமல் பிரிக்கவும். மாணவி இதை மூன்றாவது முயற்சி என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஆகஸ்ட் 27

அப்பா,

துணி கிடைத்தது. ஒரு சாண் வெள்ளைத் துணி. தையல் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு ஓரத்திலும் துணியை முக்கோணமாக முறுக்கி, அதைச் சுற்றி நூலால் இரட்டைக் கட்டுக் கட்டி, இரண்டு காது விட்டிருக்கிறது. தூக்குவதற்கு வாகாக.

பேண்ட் காலை யாரும் காதைப் பிடித்துத் தூக்குவதில்லை, அப்பா. மூட்டையைத்தான் தூக்குவார்கள். முப்பது வருடம் சாக்கு வாய் தைத்த ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் ஓரத்தில் வந்ததும் கை அப்படிப் போகாது.

நீங்கள்தான் மாணவி. அதை நினைத்து நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் ஏன் ஹெம்மிங் போட வேண்டும்? பட்டன் ஏன் அவசரம்? அம்மா தைக்காததால்தானே? கண்ணுக்கு நல்ல ஓய்வு என்று ஏன் எழுதினீர்கள்?

அம்மாவுக்கு என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுதுங்கள். செப்டம்பர் 6 சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். மூன்று நாளோ முப்பது நாளோ, அம்மாவுக்குச் சரியாகும் வரை அங்கேயே இருக்கப்போகிறேன். வேலையைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

மகள்


செப்டம்பர் 1

மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று உத்தரவு. அடைப்புக்குள் இருப்பது மட்டும் என்னுடையது.

"நல்லா இருக்கேன்டி. ஜூன் மாசம் பதினாலாம் தேதி குழாயடியில வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு. எலும்பு விட்டுப்போச்சு, ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரிச்சும் ஒரு மாசம் ஆச்சு, விரல் மடங்க மாட்டேங்குது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. உன்கிட்ட மறைச்சது தப்புதான். ஆனா முதல் கடுதாசியிலேயே ஒரு வரி போடு, ரயில் ஏறிடுறேன்னு எழுதிட்டியே, அப்புறம் எப்படிச் சொல்றது?

"தையல்கடைக்காரர் ரெண்டு வாரம் பொறுப்பாரு. அதுக்கு மேல வேற ஆளுக்கு மூட்டையைக் குடுத்துடுவாரு. ஒரு தடவை கைமாறினா திரும்ப வராது. உங்கப்பாதான், நான் தைக்கிறேன், கை சரியாகிற வரைக்கும் உன் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன்னு உக்காந்தாரு. இவரு தைச்சதைப் பிரிக்கக் கடைக்காரரு பிளேடு எடுத்தாராம். அப்பவும் வரலையாம். (இது சற்று மிகை. ஒரு பேண்ட் மட்டுமே.) மிகையெல்லாம் இல்ல, எழுதுங்க.

"இப்ப உன் விஷயம். நீ வந்து என்ன பண்ணப் போறே? நீ வந்தா என் விரல் மடங்கிடுமா? சமையல் உங்கப்பா பண்றாரு. வாயில வைக்க முடியுது. (நன்றி.) உனக்கு அங்க நாலு பேர் முன்னால நிக்கப் பயம். அது எனக்குத் தெரியும். பயம் இருந்தா இருக்கட்டும், அதுல தப்பு இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டு வா, வாசக்கதவு திறந்துதான் இருக்கு. ஆனா பயத்துல வந்துட்டு, அம்மா கைக்காக வந்தேன்னு ஊருக்குச் சொல்லாதே. என் கையைச் சாக்கா எடுத்துக்காதே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முகத்தைக் காட்டவில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் சனி இரவு ரயிலுக்கு, ஞாயிறு காலை நான் நிலையத்தில் நிற்பேன்.

அப்பா


அக்டோபர் 12

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பாவுக்கு,

சுகம். ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். "வரவில்லை" என்று மட்டும் ஒரு கார்டு போட்டேன், அது அப்பா நிலையத்தில் நின்று திரும்பிய பிறகுதான் வந்திருக்கும். அதை நினைத்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது.

கோபத்தில்தான் எழுதவில்லை. எலும்பு முறிந்தவள் நீ, திட்டு வாங்கியவள் நானா என்று இருந்தது. ரயிலுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தபோது பெட்டி கட்டி வைத்திருந்தேன். டிக்கெட் கைப்பையில். படித்துவிட்டுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துணியின் காதைப் பார்த்து, உனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று புரிந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பதற்றம் இல்லை. நிம்மதி. போகலாம் என்ற நிம்மதி. அதற்குப் பின்னால்தான் பதற்றம் வந்தது. நீ அதை இவ்வளவு தூரத்திலிருந்து எப்படிப் பார்த்தாய்?

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் திங்கட்கிழமை கூடத்தில் எழுந்து நின்றேன். குரல் நடுங்கியது. வாசித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டாவது புகார் ஒரு பெண்மணி எழுதியது. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அடுத்த தெருவிலிருந்து குடத்தைத் தூக்கி இரண்டு மாடி ஏறுகிறாராம். தலைமை இஞ்சினியர் நிமிர்ந்து, "இது புதுசா இருக்கே, முதல் தடவையா?" என்றார்.

"இல்லை சார். மூணாவது."

"நான் கேட்டதே இல்லையே?"

"முதல் ரெண்டையும் நான் வாசிக்கலை சார்."

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "அந்த மாதிரி விட்டுப்போனது இன்னும் எத்தனை இருக்கு?" என்றார். முப்பத்தொன்பது இருந்தன. அன்றைக்கே எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் என் குரல் எனக்கே பழகிவிட்டது. அந்த அம்மா வீட்டுக் குழாயை வியாழக்கிழமை சரி செய்துவிட்டார்கள். ஜூலையில் நான் வாயைத் திறந்திருந்தால் ஜூலையிலேயே வந்திருக்கும்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பென்சில் பருமனில் இரண்டு ஊசி, தடித்த கம்பளி நூல். விரல் மடங்க இதைவிட நல்ல பயிற்சி இல்லையாம், நர்ஸ் அக்கா சொன்னது. முதல் வாரம் நூல்கண்டைக் கைக்குள் வைத்து மெதுவாக அமுக்கி விடு, வலிக்கும் இடத்தில் நிறுத்து. அடுத்த வாரம் பத்தே கண்ணி. எப்படி ஏற்றுவது, எப்படிப் பின்னுவது என்று நம்பர் போட்டுத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அப்பா வாசித்துக் காட்டட்டும். துணியைப் பிடுங்குவது போல ஊசியைப் பிடுங்கக் கூடாது.

அன்பு மகள்


நவம்பர் 5

செல்ல மகளுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம், ஒன்றும் ஒளிக்கவில்லை.

பார்சல் வந்தது. கட்டு மிகவும் தளர்வு, என் மகள் கட்டியது என்று வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா முதல் நாள் ஊசியைப் பார்த்து, "இதென்ன, குழம்பு கிண்டவா?" என்றாள். இரண்டாம் நாள் நான் வாசிக்க, அவள் பின்ன, நான் வாசிக்கும் வேகம் போதாது என்று சண்டை. பத்து கண்ணி எட்டாகி, ஆறாகி, ஒரு நாள் மூன்றில் வந்து நின்றது. அதைக் கழுதை வால் என்று அவளே பெயர் வைத்தாள். அதற்கு மேல் ஊசி கையிலிருந்து நழுவுவது நின்றுவிட்டது. நேற்று சுண்டுவிரல் தவிர மற்றவை உள்ளங்கையைத் தொட்டன. இன்று காலை என்னிடமிருந்து ஒரு பேண்ட் காலை வாங்கி, அரை மணி நேரம் தைத்தாள். அப்புறம் என்னுடைய காலைப் பிரித்தாள்.

கடைக்காரர் நேரில் வந்திருந்தார். ஹெம்மிங்கை அம்மாவிடமே விட்டுவிடும்படி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் பட்டன் மட்டும் நானே தைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இழுத்தாலும் வருவதில்லையாம்.

உன் கடிதத்தை அம்மா மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். நிம்மதி என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "நானும் கட்டு போட்டப்போ அப்படித்தான் நினைச்சேன், அப்பாடா, கொஞ்ச நாள் தைக்க வேண்டாம்னு. இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அன்பு அப்பா


டிசம்பர் 11

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பாவுக்கு,

சுகம். சுண்டுவிரல் என்ன சொல்கிறது?

நேற்று உத்தரவு வந்தது. வேலையை உறுதி செய்துவிட்டார்கள். முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். இல்லை, நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவர் பக்கத்துக் கட்டிலில் இருந்ததால்.

இனி விடுப்பு எடுக்கலாம் என்றார்கள். உடனே ஒரு படிவம் வாங்கி எட்டு நாளுக்கு எழுதினேன். பெயர், பிரிவு, தேதி எல்லாம் நிரப்பினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் யோசித்தேன், எழுத ஒன்றும் வரவில்லை. அப்படியே கொண்டுபோய் நீட்டினேன்.

தலைமை எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "காரணம் எழுதலையேம்மா? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

கூடத்துக்கே கேட்கும்படி என் குரல் வந்துவிட்டது.

"இல்லை சார். எல்லாரும் நல்லா இருக்காங்க. பாக்கணும் போல இருக்கு."

அவர் அதை அப்படியே கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபதாம் தேதி இரவு ரயில். காலையில் வந்து சேருவேன்.

உங்கள் மகள்